புகைச் சூட்டை எப்படி வாசிப்பது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கனடாவில் இருக்கும் என் மச்சான், நான்கு சிலிண்டர் லைகமிங் எஞ்சின் வைத்து வீட்டிலேயே சிறு விமானம் ஒன்று கட்டியிருக்கிறார். புகைக்குழாய் வெப்பமானி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வோர் எண் காட்டுகிறதாம். மூன்றாவதில் மட்டும் 40 பாகை செல்சியஸ் கூட. அந்தச் சிலிண்டரில் பழுதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: இந்த ஓர் எண்ணை நம்பி எதையும் கழற்ற வேண்டாம். தேயிலைத் தொழிற்சாலை ட்ரையரில் வெப்பமானியை ஒரு சாண் தள்ளி வைத்தாலே எண் மாறும். இங்கே ஒரு விரற்கடையே போதும். முதலில் டேப்பால் அளக்கச் சொல்லுங்கள். சிலிண்டரோடு குழாய் பொருந்தும் ஃபிளாஞ்சிலிருந்து 5 முதல் 10 சென்டிமீற்றருக்குள், நான்கு குழாயிலும் ஒரே தூரத்தில் சென்சர் நுழையும் துளை இருக்க வேண்டும். சென்சரின் முனை குழாயின் நடுவில் நிற்க வேண்டும். கிளிப் தளர்ந்து துளையோரம் புகை கசிந்தாலும் எண் கெடும். சாம்பல் நிறக் கறை கசிவைக் காட்டிக்கொடுக்கும். புரொப்பெல்லர் பின்னால் இருக்கும் விமானமென்றால் சென்சரைக் கம்பியால் கட்டியே ஆகவேண்டும். கழன்றால் நேரே புரொப்பெல்லரில்தான் போய் விழும்.

எண்ணைவிட முக்கியம் உச்சம். பெற்றோலை மெல்லக் குறைத்துக்கொண்டே போனால் சூடு ஏறும், ஓரிடத்தில் நிற்கும், பிறகு இறங்கும். பெற்றோல் மிஞ்சினாலும் காற்று மிஞ்சினாலும், மிஞ்சியது சூட்டை உறிஞ்சுவதால் வருவது இது. நான்கு சிலிண்டரும் ஏறத்தாழ ஒரே எரிபொருள் ஓட்டத்தில் உச்சம் தொட்டால் 40 பாகை வித்தியாசத்துக்குக் கலவை காரணமல்ல. ஒன்று மட்டும் முந்திக்கொண்டால் அதற்குப் பெற்றோல் போதவில்லை: உள்ளிழு குழாயின் கேஸ்கட் கசிவையோ இன்ஜெக்டர் அடைப்பையோ தேட வேண்டும். இந்தச் சோதனையை 65 சதவீதத்துக்கு மேற்பட்ட சக்தியில் செய்யக் கூடாது.

பிளக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்கு இரண்டு பிளக், ஒவ்வொன்றுக்கும் தீப்பொறி தருவது வெவ்வேறு மெக்னீற்றோ. ஒன்று செத்தால் சூடு குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. தீ ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பரவுவதால் எரிதல் பிந்துகிறது. வாயு கூடிய சூட்டோடு குழாய்க்கு வந்துவிடுகிறது. எண் 30 முதல் 50 பாகை வரை ஏறும். உங்கள் மச்சானின் 40 இதற்குள் அடங்குவதால் மெக்னீற்றோ பரீட்சை அவசியம். ஒன்றை அணைத்ததும் நான்கு எண்ணும் சேர்ந்து ஏறினால் நல்லது. ஒன்று மட்டும் சட்டென்று விழுந்தால், அப்போது வேலை செய்யும் மெக்னீற்றோவுக்குரிய பிளக்கோ வயரோ அந்தச் சிலிண்டரில் பழுது.

அஞ்ச வேண்டியது வேறொன்று: பறக்கும்போது புகைச் சூடு இறங்க, சிலிண்டர் தலைச் சூடு விறுவிறுவென ஏறுவது. உள்ளே கலவை வெடித்து எரிகிறது. உடனே சக்தியைக் குறைத்து, பெற்றோலைக் கூட்ட வேண்டும்.

கேள்வி: பயிற்சிக்காக ஓர் எஞ்சினில் கே வகை தெர்மோகப்பிள் (இரு உலோகக் கம்பிச் சூட்டுச் சென்சர்) பூட்டினோம். வயர் எட்டாததால் வீட்டுச் செப்பு வயரில் நீட்டினோம். பிழையா?
– தொழில்நுட்ப மாணவர், அட்டன்

பதில்: பிழைதான். மூட்டு இருக்கும் இடம் 75 பாகை, மீற்றர் இருக்கும் இடம் 25 பாகை என்றால் எண் 50 பாகை குறைத்துக் காட்டும். எஞ்சின் எரிகிற வேளையிலும் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். கே வகைக்குரிய நீட்டிப்பு வயரையே வாங்குங்கள். அமெரிக்க நிறமுறையில் சிவப்பு மறைமுனை. கார் வயரிங் பழகிய கை இங்கேதான் தவறுகிறது. சந்தேகமென்றால் காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டுகிற கம்பி மறைமுனை.

கொதிநீரில் முக்கிச் சோதிப்பதானால் 100 பாகையை எதிர்பார்க்க வேண்டாம். அட்டனில் தண்ணீர் ஏறத்தாழ 96 பாகையிலும் நுவரெலியாவில் 94 பாகையிலும் கொதித்துவிடும்.

கேள்வி: கொழும்பில் நன்றாக ஓடிய ரோட்டக்ஸ் 582 டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், இங்கே ஸ்டாண்டில் வைத்து ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கிறது, புகைச் சூடும் குறைவு. காபரேட்டரில் சின்ன ஜெட் (பெற்றோல் வரும் துளை) போடலாமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: போடலாம். 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. காபரேட்டர் அதை அறியாது. கலவையில் பெற்றோல் சுமார் 10 சதவீதம் கூடிவிடுகிறது. முழு த்ரொட்டிலில் மட்டும் குறை தெரிந்தால் மெயின் ஜெட்டை ஓர் அளவு இறக்குங்கள். நடு த்ரொட்டிலில் என்றால் காபரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றுங்கள். ஊசி தாழ்ந்து பெற்றோல் குறையும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். புகைச் சூட்டுக்கு 650 பாகை எல்லை, அதைத் தொடவே கூடாது.

அதே ஜெட்டோடு எஞ்சினைக் கொழும்புக்கு இறக்கினால் கலவை மெலிந்து பிஸ்டன் இறுகிவிடும். ஜெட் எண்ணையும் ஊரின் உயரத்தையும் ஒரு தகட்டில் பொறித்துக் காபரேட்டரிலேயே கட்டிவிடுங்கள்.