மியாமி அரிசி: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

இறக்குமதி வரிக் குறைப்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். ஏழை நாடுகள் வரியைக் குறைக்கவே கூடாது என்கிறீர்களா? வரி குறைந்தால் அரிசி மலிவாகும், நகரத்து ஏழை வயிறாரச் சாப்பிடுவான். வரி போடுவது அவன் தட்டில் கை வைப்பதுதானே?

கே.எஸ்., கரூர்

அன்புள்ள கே.எஸ்.,

பாதி சரி. வரி போட்டால் அரிசி விலை ஏறும், அதைச் சுமப்பது கூலிக்காரன்தான். ஆனால் குறைக்கவே கூடாது என்று நான் எழுதவில்லை. ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் என்ன ஆகும் என்றுதான் கேட்டேன்.

கரீபியக் கடலில் இருக்கும் ஏழை நாடு ஹைட்டியைப் பாருங்கள். ஒரு காலத்தில் அந்நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி ஆர்ட்டிபோனிட் பள்ளத்தாக்கில் விளைந்தது. 1995 வாக்கில் அரிசி மீதான வரியை 3 சதவீதமாக்கினார்கள். பக்கத்துக் கரீபிய நாடுகள் அப்போது 25 சதவீதம் வைத்திருந்தன. சரி, வரி குறைந்தது. அமெரிக்கா தன் விவசாயிகளுக்குக் கொடுக்கும் மானியம் குறைந்ததா? இல்லை. மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய அமெரிக்க அரிசிக்கு மக்கள் வைத்த பெயர் ‘மியாமி அரிசி’. உள்ளூர் விவசாயி அமெரிக்கக் கஜானாவோடு மல்லுக்கு நின்று தோற்றார்.

வரி குறைந்தபோது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டன், 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் அந்த வரிக் குறைப்பைத் தவறு என்றே ஒப்புக்கொண்டார். அர்கன்சாஸ் விவசாயிகள் சிலருக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் பலிக்கவில்லை என்றார். அர்கன்சாஸ் அவருடைய சொந்த மாநிலம். அமெரிக்காவில் நெல் அதிகம் விளைவதும் அங்கேதான். (பதவியில் இருக்கும்போது இந்த ஞானம் யாருக்கும் வருவதில்லை.)

நீங்கள் கவலைப்படும் நகரத்து ஏழைக்கு அந்த மலிவு நிலைக்கவும் இல்லை. 2008ல் உலகச் சந்தையில் அரிசி விலை எகிறியதும் ஹைட்டியில் தெருவெல்லாம் கலவரம். ஏப்ரலில் பிரதமர் அலெக்ஸியின் பதவி போனது.

அதே வருடம் ஜூலையில் ஜெனீவாவில் உலக வர்த்தக அமைப்பின் தோஹா சுற்றுப் பேச்சு முறிந்ததும் இந்த விஷயத்தில்தான். இறக்குமதி எவ்வளவு பெருகினால் வளரும் நாடு கூடுதல் வரி போடலாம்? 40 சதவீதம் என்றது மேசையில் இருந்த வரைவு. அதற்குள் உள்ளூர் விலை படுத்துவிடும் என்று இந்தியா ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் உங்கள் கேள்வி. கரூரில் கூலிக்காரருக்கு ரேஷன் அரிசி இலவசம். நெல்லை விவசாயியிடம் அரசு விலை கொடுத்து வாங்குகிறது. நடுவில் விழும் பள்ளத்தை அரசு பணம் போட்டு நிரப்புகிறது. ஹைட்டியிடம் அந்தப் பணம் இல்லை. துறைமுகத்தில் வசூலிக்கும் வரி ஒன்றுதான் கையில் இருந்தது.