சுரங்க ஜாக்கிக்குள் தண்ணீரா?

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயா தோட்டத்துப் பட்டறைகளில் இருந்து வந்த கேள்விகள். பக்கத்து பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்தை 1960இலேயே மூடிவிட்டார்கள். சுரங்கப் பேச்சு மட்டும் இன்னும் ஓயவில்லை.

*மகன் ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் ஃபிட்டர். கூரையைத் தாங்கும் ஜாக்கிகளில் ஓடுவது தண்ணீர்தான் என்கிறான். நிஜமா?*

நிஜம்தான் அம்மா. நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர். மீதி, துருவையும் தேய்மானத்தையும் தடுக்கும் மருந்து. தண்ணீருக்குப் பதில் சாதா ஹைட்ராலிக் எண்ணெய் (அழுத்தத்தால் இயந்திரத்தை இயக்கும் கனிம எண்ணெய்) இருந்தால் என்ன ஆகும் என்பதை 1956 ஆகஸ்ட் 8 அன்று பெல்ஜியத்தின் மார்சினெல் சுரங்கத்தில் பார்த்தார்கள். லிஃப்ட் கூண்டில் சரியாக ஏறாத நிலக்கரி வண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, கூண்டு கிளம்பிவிட்டது. வண்டி இடித்ததில் எண்ணெய்க் குழாயும் மின்கம்பியும் ஒன்றாக அறுந்தன. அழுத்தத்தில் பீய்ச்சிய எண்ணெய் பற்றிக்கொண்டது. 262 பேர் போனார்கள், பெரும்பாலோர் புகையில். மேலே என்றால் ஓடித் தப்பலாம். கீழே காற்று வரும் வழியாகவே புகையும் வரும்.

*அப்படியானால் நம் டிராக்டருக்கும் அதையே ஊற்றலாமா?*

வேண்டாம். சாதா எண்ணெய்க்காகச் செய்த பம்ப் தண்ணீரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். தண்ணீரோடு கிளைகால் (உறையாமல் காக்கும் திரவம்) கலந்த வகை கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் துத்தநாகப் பூச்சை அரிக்கும், பெயிண்டை உரிக்கும், சூடேறினால் அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும். தண்ணீரே இல்லாமல், தீ தாங்கச் செய்த பாஸ்பேட் எஸ்டர் என்னும் செயற்கைத் திரவமோ சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல்களை ஊதிப் பெருக்கவைத்துவிடும். எதை மாற்றினாலும் சீல், ஹோஸ், ஃபில்டர் எல்லாம் ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டும்.

*செம்பனை எண்ணெய் போதாதா?*

பச்சையாக ஊற்றினால் கட்டிதட்டும், நாளாக நாளாகப் பிசினாகும். ஆனால் தாவரக் கொழுப்பு அமிலங்களில் இருந்து செய்யும் எஸ்டர் திரவங்கள் உண்டு. சாதா எண்ணெய் சுமார் 200 டிகிரியில் பற்றும் என்றால், இவை சுமார் 300 டிகிரி வரை தாங்கும். 'தீ தாங்கும்' என்று டின்னில் எழுதியிருப்பதை 'எரியாது' என்று படிக்காதீர்கள். இதுவும் எரியும், பற்றுவதுதான் கடினம்.

*ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்கிறோம்...*

தம்பி, உடனே நிறுத்துங்கள்! அந்த அழுத்தத்தில் திரவம் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், தண்ணீர் கலந்த திரவமும் அப்படித்தான். முதலில் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது. கிளினிக்கில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள். அன்றே அறுவை சிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், எந்தத் திரவம் என்று டின்னையும் எடுத்துக்கொண்டு. கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும்.