ஹைபிரிட் காருக்கு எந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்? செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மாருதி கிராண்ட் விட்டாரா வாங்க எண்ணியிருக்கிறேன். மைல்டு ஹைபிரிட்டில் ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கும், ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் இ-சிவிடியும் தருகிறார்கள். ஊருக்குள் கடைக்குப் போய்வருவதும் மாதம் ஒருமுறை சென்னை போவதும்தான் என் ஓட்டம். எந்தக் கியர்பாக்ஸ் நல்லது? (காரைக்குடி)

பதில்: எஞ்சினோடு மின்மோட்டாரும் கொண்ட ஹைபிரிட் காரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தனியாகத் தேர்ந்தெடுக்க இயலாது, ஹைபிரிட் எந்த வகையோ அதற்கான கியர்பாக்ஸ்தான் கூடவே வரும். எனவே மோட்டார் மட்டுமே காரை நகர்த்துமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மைல்டு ஹைபிரிட்டில் எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்த சிறு மோட்டார் ஒன்று உண்டு. நின்ற எஞ்சினை மீண்டும் ஓடவைப்பதற்கும், வேகமெடுக்கும்போது சற்றுக் கைகொடுப்பதற்கும் மேல் அது எதுவும் செய்யாது. ஆகவே அந்தக் காரில் இருப்பது, எண்ணெயின் வழியாக விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைக் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக்; நெரிசலில் மென்மையாக ஊர்ந்து செல்வதும், எந்த நல்ல பணிமனையும் பழுது பார்க்கக்கூடியதாக இருப்பதும் அதன் பலம். கியர் படிகளே இல்லாத இ-சிவிடி வரும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டிலோ மோட்டார் தனித்தே சக்கரத்தைச் சுழற்றும். கல்லுக்கட்டிப் பக்கம் நின்று நின்று நகரும் நேரத்தில் பெரும்பாலும் எஞ்சின் ஓடவே ஓடாது.

சான்றளிக்கப்பட்ட மைலேஜ், ஆறு கியர் ஆட்டோமேட்டிக்கிற்கு லிட்டருக்கு 20.58 கிலோமீட்டர், ஸ்ட்ராங் ஹைபிரிட்டிற்கு 27.97 கிலோமீட்டர். சென்னை போய்வர எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும்; ஊர் ஓட்டத்தையும் சேர்த்து மாதம் ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், இந்த எண்களின்படி மிச்சமாவது ஏறக்குறைய 13 லிட்டர். அதுவும் முழுமையாகக் கிடைக்காது, ஏனெனில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டின் லாபம் பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைச் சேமித்து, நகரும்போது அதைச் செலவிடுவதில் இருக்கிறது. பிரேக்கே பிடிக்காமல் சீராக ஓடும் திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில் அதற்கு வாய்ப்புக் குறைவு. இரு கார்களின் விலை வித்தியாசத்தை 13 லிட்டர் பெட்ரோலின் விலையால் வகுத்தால், போட்ட பணம் எத்தனை மாதத்தில் திரும்பும் என்பது தெரிந்துவிடும். உங்கள் ஓட்டத்திற்கு ஆறு கியர் ஆட்டோமேட்டிக் போதும் என்பது என் கருத்து. இதே ஆயிரம் கிலோமீட்டரும் ஊருக்குள்ளேயே ஓடுவதாக இருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன்.

கேள்வி: சிவிடி பெல்ட் தேய்ந்துவிட்டால் பெருஞ்செலவு என்கிறார்கள். அதனால் இ-சிவிடி வேண்டாம் என்று உறவினர் தடுக்கிறார். (தேவகோட்டை)

பதில்: உறவினர் அஞ்சும் எஃகு பெல்ட், விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகளுக்கிடையே ஓடும் சாதாரண சிவிடியில்தான் இருக்கிறது. டொயோட்டா, மாருதி ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளில் அந்தப் பெல்ட்டும் இல்லை, புல்லியும் இல்லை. நடுவில் ஒரு பல்சக்கரம், அதைச் சுற்றிச் சில சிறு பல்சக்கரங்கள், வெளியே ஒரு வளையம் என்று எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழலும் அமைப்பு அது. நடுச்சக்கரத்தில் ஜெனரேட்டரும், சிறு சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சினும் இணைந்திருக்கும். வெளி வளையத்தின் விசை கார்ச் சக்கரங்களுக்குப் போகும், பெரிய மோட்டாரும் அதே சக்கரங்களையே சுழற்றும். ஜெனரேட்டரின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதாலேயே எஞ்சினின் வேகம் கட்டுப்படுத்தப்படுகிறது. கிளட்ச் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் இல்லை, ரிவர்ஸ் கியர்கூடத் தனியாக இல்லை. மோட்டார் பின்னோக்கிச் சுழன்றால் கார் பின்னால் போகும். 1997இல் ஜப்பானில் வெளிவந்த பிரியஸ் காரிலிருந்து தொடரும் ஏற்பாடு இது. ஆட்டோமேட்டிக் வகைகளில் தேய்மானத்துக்கு இடம் மிகக் குறைந்தது எது என்று கேட்டால் இதையே சொல்வேன். கவலைப்படத்தான் வேண்டும் என்றால் பேட்டரியைப் பற்றிப் படலாம். அதற்கும் டொயோட்டா 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. பின்னிருக்கையை ஒட்டியிருக்கும் பேட்டரியின் காற்றுத் துளையைச் சாமான்களால் அடைத்துவிடாமல், செம்மண் புழுதி படியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பங்கு.

கேள்வி: மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாறவைக்கும், விலை குறைந்த ஏஎம்டி கியர்பாக்ஸுடன் ஹைபிரிட் கிடைக்குமா? (கோட்டையூர்)

பதில்: இந்தியாவில் விற்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட் எதிலும் ஏஎம்டி கிடையாது. கியர் மாறும்போது தலையாட்டவைக்கும் அந்த இடைவெளியைப் பொறுத்துக்கொள்ள முடியுமானால், ஹைபிரிட்டை மறந்துவிட்டு ஏஎம்டி உள்ள சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கிவிடலாம்.

கேள்வி: நாங்கள் சென்னையில் இருக்கிறோம். ஊர் வீட்டுக்கென்று ஒரு கார் வாங்கி அங்கேயே நிறுத்திவைக்கப் போகிறோம். படைப்பு, திருவிழா, கல்யாணம் என்று ஆண்டில் நான்கைந்து முறைதான் எடுப்போம். ஹைபிரிட் ஏற்றதா? (கானாடுகாத்தான்)

பதில்: ஏற்றதன்று. மாதக்கணக்கில் நிற்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் முதலில் மக்கர் செய்வது பெரிய பேட்டரியன்று. கணினிகளுக்கு மின்சாரம் தரும் 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் எவ்வளவு மின்சாரம் இருந்தாலும் காரை ஓடத் தயாரான ‘ரெடி’ நிலைக்குக் கொண்டுவர முடியாது. ஆளைவிட்டுத் தள்ளி ஓடவைக்கும் பழைய உபாயமும் எந்த ஆட்டோமேட்டிக்கிலும் பலிக்காது. முன்சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்வதும் கூடாது. சக்கரம் சுழன்றால் மோட்டாரும் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், அது பழுதில் முடியலாம். மேடை லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்து அரைமணி நேரமாவது ஓட்டுவார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. கொட்டகைக்குள்ளேயே ‘ரெடி’யில் விட்டுவிட்டுப் போகக் கூடாது, ஏனெனில் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும், மூடிய இடத்தில் புகை ஆபத்து. ஆனாலும் ஆண்டில் நான்கைந்து முறை ஓடும் காரில் ஹைபிரிட்டுக்காகக் கொடுத்த கூடுதல் பணம் திரும்பி வரவே வராது. டார்க் கன்வெர்ட்டர் உள்ள சாதாரணப் பெட்ரோல் கார் போதும்.

கேள்வி: பழைய டீசல் இன்னோவாவை மாற்றி ஹைகிராஸ் வாங்க எண்ணம். ஏழு பேரோடு கொடைக்கானல் ஏறி இறங்க ஹைபிரிட் சரிப்படுமா? (பள்ளத்தூர்)

பதில்: சரிப்படும், ஆனால் ஓட்டுநருக்குச் சொல்லிவைக்க வேண்டியவை இரண்டு. வத்தலக்குண்டைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் எஞ்சின் ஒரே சுருதியில் உரக்க ஓடும். கார் அந்த அளவுக்கு வேகமெடுக்காததால், கியர் வழுக்குகிறதோ என்று டீசலில் பழகியவர் ஐயப்படுவார். வழுக்க அங்கே கிளட்சே இல்லை. தேவையான விசை எந்தச் சுழற்சியில் சிக்கனமாகக் கிடைக்குமோ அதே சுழற்சியில் எஞ்சின் ஓடவைக்கப்படுகிறது, அவ்வளவுதான். இறங்கும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். பிரேக் பிடிக்கும் விசையை மின்சாரமாக்கி வாங்கிக்கொண்டே வரும் பேட்டரி, நீண்ட இறக்கத்தில் பாதி வழியிலேயே நிரம்பிவிடக்கூடும். அதன்பிறகு அந்தத் தடுப்பு கிடைக்காது. எஞ்சினைக் கொண்டு வேகத்தைத் தடுக்கும் நிலைக்குக் கியர் நெம்புகோலை மாற்றினால் எஞ்சினே சுழன்று காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும், பிரேக் அதிகம் சூடேறாது. சமதளத்தில் அந்த நிலையில் ஓட்டினால் மைலேஜ்தான் குறையும்.

ஹைபிரிட் அல்லாத ஹைகிராஸில் வருவது பெல்ட் உள்ள சிவிடி. அதன் சான்றிதழ் மைலேஜ் 16.13, ஹைபிரிட்டுக்கு 23.24. முதல் கேள்வியில் பார்த்த 20.58, 27.97 என்ற வித்தியாசத்தைவிட இங்கே விகிதத்தில் லாபம் கூடுதல். ஏழு பேரோடு அடிக்கடி ஓடும் குடும்பத்துக்கு, விலை கூடினாலும் ஹைபிரிட்டையே பரிந்துரைப்பேன்.

கேள்வி: சிங்கப்பூரில் தம்பி வைத்திருக்கும் கியா நீரோ ஹைபிரிட்டில் கியர் மாறுவது நன்றாகத் தெரிகிறது. இங்கே ஓட்டிப்பார்த்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட்டில் தெரியவே இல்லை. ஏன்? (புதுவயல்)

பதில்: நீரோவில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே மோட்டாரை வைத்து, அதன் பின்னால் இரட்டைக் கிளட்ச் கொண்ட ஆறு கியர் டிசிடியை இணைத்திருக்கிறார்கள்; கியர்கள் உண்மையிலேயே இருப்பதால் மாறுவதும் தெரிகிறது. வேகமாக ஓட்டுவதில் விருப்பமுள்ளவருக்கு அது பிடிக்கும். சிட்டியில் மாறுவதற்குக் கியரே இல்லை. பெரும்பாலான நேரம் எஞ்சின் ஜெனரேட்டரை மட்டும் ஓட்ட, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு எஞ்சினை நேரடியாகச் சக்கரத்தோடு இணைக்கும். புதுக்கோட்டைச் சாலையில் லாரியை முந்த அழுத்தினால் பூட்டு விலகி எஞ்சின் சத்தம் சட்டென்று எழும், ஆனால் மோட்டார் இழுப்பதால் கார் தயங்காது. நீரோ இந்தியாவில் விற்பனைக்கு இல்லை என்பதால், டிசிடியோடு ஒப்பிட்டுத் தயங்க வேண்டியதில்லை; அதைவிட, பெட்ரோல் சிட்டியில் 506 லிட்டராக உள்ள டிக்கி, பேட்டரி இடம்பிடிப்பதால் ஹைபிரிட்டில் 306 லிட்டராகச் சுருங்கியிருப்பதைப் பாருங்கள். சீர் சாமான் ஏற்றும் வீடு என்றால், ஷோரூமுக்கே ஒரு பெரிய பெட்டியைக் கொண்டுபோய் டிக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.