கல்யாண நாளும் வாயில்லா ஜீவன்களும்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் திருமணத்தில் வெள்ளைப் புறாக்களைப் பறக்கவிடலாம் என்று அலங்காரப் பொறுப்பை ஏற்றிருப்பவர் சொல்கிறார். கூண்டில் இருப்பதை விடுதலை செய்வது நல்ல காரியம்தானே? அது வேண்டாம் என்றால், பட்டாம்பூச்சிகளையோ வான விளக்குகளையோ விடலாமா?

பதில்: கூண்டு திறந்ததும் புறா மேலே எழுவது நம் கண்ணுக்கு விடுதலையாகத் தெரிகிறது. ஆனால் விழாக்களுக்கு என்று விற்கப்படும் வெள்ளைப் புறாக்கள் பலவும் கூண்டிலேயே பிறந்து, வேளைக்கு வேளை தீனி வைக்கப்பட்டு வளர்ந்தவை. இரை தேடவும் பருந்திடமிருந்து தப்பவும் அவை பழகியதே இல்லை. அவற்றின் வெள்ளை நிறமோ வெகு தொலைவிலிருந்தே அவற்றைக் காட்டிக்கொடுத்துவிடும். கூடு திரும்பப் பழக்கிய புறாக்களை மட்டுமே விடுவோம் என்று சிலர் உறுதி கூறுவார்கள். அவை திரும்பக்கூடியவைதான் என்றாலும், இருட்டிய பிறகோ மழையிலோ பழகாத தொலைவிலிருந்தோ விடப்பட்டால் அவையும் வழி தவறிவிடுகின்றன. யாராவது ஓர் உயிரை உங்கள் விழாவுக்குக் கொண்டுவருவதாகச் சொன்னால், அது நேற்று எங்கே இருந்தது, நாளை எங்கே இருக்கும் என்ற இரண்டு கேள்விகளை அவரிடம் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் மறுத்துவிடுங்கள்.

பட்டாம்பூச்சிகளைக் குளிரில் வைத்து அசைவற்றுப் போகச் செய்து, இறகு மடங்கிய நிலையில் உறைகளில் அடைத்து அனுப்புகிறார்கள். உறையைத் திறக்கும்போது சில இறந்து கிடக்கும். சில பறக்க முடியாமல் விருந்தினர்களின் காலடியிலேயே விழும். பண்ணையில் நெருக்கமாக வளர்க்கப்பட்டவற்றிடமிருந்து நோய்க்கிருமிகள் வெளியில் வாழும் பட்டாம்பூச்சிகளுக்குப் பரவும் ஆபத்தும் உண்டு.

வான விளக்கைப் பொறுத்தவரை ஒரே ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் நகர உயிரியல் பூங்காவில் வான விளக்கு வந்து விழுந்து, குரங்கினங்கள் இருந்த கட்டடம் எரிந்துபோனது. ஒராங்குட்டான்கள், கொரில்லாக்கள் உட்பட 30-க்கும் மேற்பட்ட விலங்குகள் மடிந்தன. காகிதக் கூட்டுக்குள் எரியும் நெருப்பைக் காற்றிடம் ஒப்படைத்துவிட்டால், அது எங்கே இறங்கும் என்பது விடுபவர் கையில் இல்லை. பலூன்களும் அப்படித்தான், வானில் விட்டவை என்றாவது நிலத்திலோ நீரிலோ விழுகின்றன, கிழிந்த துண்டுகளை இரை என்று நினைத்துக் கடலாமைகளும் பறவைகளும் விழுங்குகின்றன. மணமக்கள் மீது தூவ உதிர்ந்த பூவிதழ்கள் போதும். அரிசி தூவினால் அதைத் தின்னும் பறவைகளின் வயிறு வெடித்துவிடும் என்று ஒரு செய்தி நெடுநாளாகச் சுற்றிவருகிறது, அது உண்மையல்ல.

கேள்வி: பட்டு அணியாமல் மணமேடை ஏற விரும்புகிறேன். “அகிம்சைப் பட்டு” என்று விற்கிறார்களே, அதை நம்பலாமா? அம்மாவின் பட்டாடை வீட்டில் இருக்கிறது. அதையும் ஒதுக்க வேண்டுமா?

பதில்: பட்டுப்புழு தன் கூட்டை அறுபடாத ஒரே இழையால் பின்னுகிறது, அதன் நீளம் பல நூறு மீட்டர். உள்ளே உருமாறிய அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறினால் அந்த இழை அறுந்துவிடும் என்பதால்தான், அதற்கு முன்பே கூடுகளை நீராவியிலோ சூடான காற்றிலோ வைத்து உள்ளிருக்கும் உயிரைக் கொன்றுவிடுகிறார்கள். 1 கிலோ பட்டு நூலுக்கு 5,000-க்கும் மேற்பட்ட கூடுகள் தேவைப்படுகின்றன.

அகிம்சைப் பட்டில் பூச்சி வெளியேறிய பிறகே கூட்டை எடுத்து, பஞ்சைப் போல நூற்கிறார்கள். இது மேலான வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பல தலைமுறைகளாக வளர்க்கப்பட்ட மல்பெரிப் பட்டுப்பூச்சியால் பறக்க முடியாது, அது உணவும் உண்ணாது. ஒரு பெண் பூச்சி இடும் சில நூறு முட்டைகளிலிருந்து வெளிவரும் புழுக்கள் அனைத்துக்கும் இலை போட யாராலும் முடிவதில்லை. ஆகவே அந்த முட்டைகளையும் புழுக்களையும் என்ன செய்கிறார்கள் என்பதை விற்பவரிடம் கேட்ட பிறகே வாங்குங்கள். பளபளப்புதான் வேண்டும் என்றால், மெருகேற்றிய பருத்தியும் மரக்கூழிலிருந்து எடுக்கப்படும் ரேயானும் இருக்கின்றன. துணியில் ஐயம் இருந்தால் ஓர் இழையை உருவி எரித்துப் பாருங்கள். பட்டும் கம்பளியும் முடி கருகும் வாடை வீசும். பருத்தியும் ரேயானும் காகிதம் எரிவது போல மணக்கும்.

அம்மாவின் பட்டாடையைத் தயங்காமல் அணியலாம் என்பது என் கருத்து. அதை உடுத்துவதால் புதிதாக எந்த உயிரும் போகப்போவதில்லை. ஒப்பனைப் பெட்டியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்; உதட்டுச்சாயங்களில் சேரும் கார்மைன் என்ற சிவப்பு, உலர்த்திய செதில்பூச்சிகளிலிருந்து எடுக்கப்படுவது.

கேள்வி: குதிரை வண்டியும் வாணவேடிக்கையும் வேண்டும் என்பது குடும்பத்தாரின் ஆசை. எப்படி மறுப்பது?

பதில்: ஆபத்து என்றால் ஓடித் தப்புவதே குதிரையின் இயல்பு. மேளம், ஒலிபெருக்கி, கண்ணைக் கூசும் விளக்குகள், நெருக்கும் கூட்டம் ஆகியவற்றுக்கு நடுவே கடிவாளத்தால் நிறுத்தி வைக்கப்படும் குதிரை அமைதியாக இருப்பதாக நாம் நினைக்கிறோம். அது அச்சத்தை அடக்கிக்கொண்டு நிற்கவும் கூடும். மிரண்டு பாய்ந்தால் காயம்படுவது குதிரை மட்டுமல்ல என்பதைப் பெரியவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள், அவர்களுக்கு அது புரியும். வெடிச்சத்தம் நமக்கே காதை அடைக்கும்போது, நம்மைவிட இரு மடங்கு உயர்ந்த அதிர்வெண்ணையும் கேட்கும் நாய்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். 2010-ஆம் ஆண்டின் கடைசி இரவில் அமெரிக்காவின் பீபி என்ற சிற்றூரில், உறங்கிக்கொண்டிருந்த கரும்பறவைகள் வெடிச்சத்தத்தால் கலைந்து, இருட்டில் கட்டடங்களிலும் மரங்களிலும் மோதி ஆயிரக்கணக்கில் இறந்து விழுந்தன. வாணவேடிக்கைக்குப் பதிலாக விளக்கு அலங்காரத்தைப் பெருக்கலாம்.

கேள்வி: எங்கள் நாயும் திருமணத்தில் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், சரியா?

பதில்: அது கூட்டத்தைக் கண்டு மிரளாத நாயாக இருந்தால் சிறிது நேரம் இருக்கட்டும். அதற்குப் பழகிய ஒருவரை அந்தப் பொறுப்புக்கு மட்டுமே வைத்து, தண்ணீரும் ஒதுக்கமான ஓர் அறையும் ஏற்பாடு செய்யுங்கள். சாக்லேட்டும் திராட்சையும் நாய்க்கு நஞ்சு என்பதைப் பரிமாறுபவர்களிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். வீட்டில் பூனையும் இருந்தால் அலங்காரத்தில் லில்லி மலர்களே வேண்டாம். அவற்றின் மகரந்தம் சிறிதளவு உள்ளே போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.