வெப்சைட்ல 1958னு போட்டுட்டாங்க, பையர் ஆதாரம் கேக்குறாரு: என்ன பதில் எழுதுறது?

கேள்வி: ஆம்பூர் பக்கத்துல லெதர் பேக், பர்ஸ் தைக்கிற சின்ன யூனிட் எங்களுது. அப்பா 1994ல ஆறு மெஷினோட ஆரம்பிச்சது, இப்ப 34 பேர் வேலை செய்றாங்க. இதுவரைக்கும் பெரிய கம்பெனிங்களுக்கு ஜாப் ஒர்க்தான். நேரடியா எக்ஸ்போர்ட் பண்ணலாம்னு ஒரு பிராண்டிங் ஏஜென்சிகிட்ட லோகோ, வெப்சைட், பிரவுச்சர் எல்லாம் பண்ணச் சொன்னோம். "1958 முதல்", "மூணு தலைமுறைக் கம்பெனி", "எக்கோ பிரெண்ட்லி, நூறு சதவீதம் விஜிடபிள் டேன்" (மரப்பட்டை, கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல்)னு அவங்களே போட்டுட்டாங்க. தாத்தா 58லருந்து தோல் பதனிடுற ஒரு டேனரில கூலி வேலை செஞ்சாரு, அதைத்தான் அப்படி ஆக்கிட்டாங்க. இப்ப ஜெர்மனிலருந்து ஒரு பையர் மெயில் போட்டு தோல் எங்க வாங்குறீங்க, 1958க்கு டாக்குமெண்ட் இருக்கான்னு கேக்குறாரு. உண்மையைச் சொன்னா ஆர்டர் போயிடுமோன்னு பயமா இருக்கு. ஏஜென்சிக்காரர், மூணு நாள்ல ஐஎஸ்ஓ சர்டிபிகேட் வாங்கித் தர்றேன், அதை அனுப்பினா போதும்ங்கிறாரு. என்ன பண்ணலாம்? (ஆம்பூர் வாசகி)

பதில்: அந்த ஐஎஸ்ஓ ஆளுக்குப் பணம் குடுக்காதீங்கம்மா, அது முதல் வேலை. பையருக்கு இன்னிக்கே பதில் போடணும்னு பதறவும் வேணாம். ரெண்டு நாள் எடுத்துக்கிட்டு சைட்ல இருந்து 1958, எக்கோ பிரெண்ட்லி, விஜிடபிள் டேன் மூணையும் தூக்குங்க. அப்புறம் பதில் எழுதுறப்ப முதல் பாராவுலயே "எங்க சைட்ல வருஷமும் தோல் பத்தின விவரமும் தப்பா இருந்தது, திருத்திட்டோம், கம்பெனி 1994ல ஆரம்பிச்சது"ன்னு நீங்களே சொல்லிடுங்க. சத்தமில்லாம மாத்திட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துடலாம்னு மட்டும் நினைக்காதீங்க, இந்த மாதிரி கேள்வி கேக்குற ஆளு பழைய பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுட்டுத்தான் கேக்குறாரு.

ஆர்டர் போயிடுமான்னு கேட்டீங்க. போகலாம், போகாதுன்னு நான் வாக்கு குடுக்க முடியாது. ஆனா பொய்யை வச்சு வந்த ஆர்டர் எப்படிப் போகும்னு கண்ணால பாத்திருக்கேன். இந்த லைன்ல இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன், முதல்ல பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவுல ஆர்டரைப் பாத்துக்கிற மெர்ச்சண்டைசரா, அப்புறம் சின்ன யூனிட்டுங்களுக்கு கம்பெனி புரொபைல் எழுதிக் குடுக்கிற வேலை. ஒரு தடவை ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனிக்கு வெளிநாட்டுப் பையர் வந்தாரு. சைட்ல நாலு மாடிக் கண்ணாடி பில்டிங் போட்டோ, எங்கிருந்தோ டவுன்லோடு பண்ணது. கார் போய் நின்னது ஷீட் போட்ட ஷெட்டு முன்னாடி. ஷெட்டு அவ்வளவு சுத்தம், கட்டிங் டேபிள் ஒழுங்கா இருக்கு, சாம்பிள் அருமையா இருக்கு. அவர் ஷெட்டைப் பத்தி ஒரு வார்த்தை குறை சொல்லல. போனை எடுத்து அந்த பில்டிங் போட்டோவைக் காட்டி "இது எங்க இருக்கு"ன்னு மட்டும் கேட்டாரு. யாராலயும் பதில் சொல்ல முடியல. டீ குடிச்சிட்டு கிளம்பினவர்தான், அதுக்கப்புறம் மெயிலே வரல. அந்த ஷெட்டு போட்டோவையே போட்டிருந்தா அந்த ஆர்டர் நின்னிருக்கும்னு நான் இன்னிக்கும் நம்புறேன்.

இப்ப அந்த 1958. கம்பெனி ஆரம்பிச்ச வருஷம்னா அந்தத் தொழில் ஆரம்பிச்ச வருஷம்தான், குடும்பத்துல யாரோ ஒருத்தர் அந்த லைன்ல வேலைக்குச் சேந்த வருஷம் இல்ல. இதுல ஒரு விதிவிலக்கு இருக்கு, அதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன், ஏன்னா வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம்னு எங்க போனாலும் இதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. உங்க தாத்தாவே ஒரே ஒரு மெஷினாச்சும் சொந்தமா வச்சுத் தொழில் நடத்தி, அது விடாம அப்பா கைக்கு வந்திருந்தா, நடுவுல பேர் மாறியிருந்தாக்கூட 1958 போடலாம், ஆனா பாகப் பத்திரமோ பார்ட்னர்ஷிப் டீடோ ஏதாவது ஒரு பழைய பேப்பர் அந்தத் தொடர்ச்சியைக் காட்டணும். அண்ணன் தம்பி பிரிஞ்சு ரெண்டு கம்பெனி ஆயிட்டா ரெண்டு பேரும் அதே வருஷத்தைச் சொல்லலாம், தப்பில்ல, ரெண்டு பேருக்கும் வேர் ஒண்ணுதான், ஆனா அப்ப "எந்தக் கம்பெனிலருந்து பிரிஞ்சோம்"னு ஒரு வரி சேத்து எழுதிடணும். வேற ஒருத்தர் கம்பெனியை பேரோட, குட்வில்லோட கிரயம் வாங்கியிருந்தா அந்தக் கம்பெனியோட வருஷம் உங்களுக்கும் வரும். அவர் ஷெட்டையும் மெஷினையும் மட்டும் வாங்கியிருந்தா வராது. நடுவுல பத்து வருஷம் மூடிக் கிடந்து திரும்பத் திறந்திருந்தா ரெண்டு வருஷத்தையும் எழுதணும். உங்க கதை இதுல எதுலயும் வரல, உங்களுக்கு 1994தான்.

தாத்தா கதையை எழுதக்கூடாதுன்னு நான் சொல்லல, எழுதியே ஆகணும். எனக்கு இதுல உண்மையாவே கோவம் வருது. 1958லருந்து சுண்ணாம்புத் தொட்டிகிட்ட நின்னு கை கால் வெந்து வேலை செஞ்ச தலைமுறை அது, அவரை கோட்டு சூட்டு போட்ட முதலாளியா மாத்தினா மரியாதைன்னு அந்த ஏஜென்சிக்காரங்களுக்கு யார் சொன்னது? அவர் செஞ்ச வேலையை அழிச்சிட்டாங்க. "எங்க தாத்தா 1958 முதல் டேனரித் தொழிலாளி, அப்பா 1994ல ஆறு மெஷினோட இந்த யூனிட்டை ஆரம்பிச்சார், இப்ப மகள் நடத்துறேன்"னு மூணு வரி போதும். தோலைத் தொட்டுப் பாத்தே தரம் சொல்ற வீட்டுப் பொண்ணுன்னு அதுலயே தெரிஞ்சுடும். தாத்தா போட்டோ வீட்டுல இருந்தா அதைப் போடுங்க, பாஸ்போர்ட் சைஸா இருந்தாலும் பரவால்ல.

அடுத்தது தோல். நீங்க அனுப்பின போட்டோவுல ஓரத்துக்கு பெயிண்ட் அடிக்காத ஒரு பர்ஸ் இருக்கு, பெருசு பண்ணிப் பாருங்க. வெட்டின ஓரத்துல மேல பிரவுன், நடுவுல நீலம் கலந்த சாம்பல் கலர்ல ஒரு கோடு ஓடுது. அது குரோம்ல பதனிட்ட தோல், வெட் புளூன்னு சொல்ற, குரோம்ல பதனிட்டு நீலமான ஈரத் தோல்லருந்து வந்தது. ஆவாரம் பட்டை, கடுக்காய், வாட்டில் போட்டு பதனிட்டிருந்தா ஓரம் உள்ள வரைக்கும் மரப் பழுப்பா இருக்கும். பை வாங்குற தொழில்லயே இருக்கிறவருக்கு சாம்பிள் கைக்குப் போன நிமிஷமே இது தெரிஞ்சுடும். குரோம் தோல் ஒண்ணும் கேவலம் இல்ல, உலகத்துல பெரும்பாலான தோல் அதுதான், அதுக்குப் போய் விஜிடபிள் டேன்னு பேர் வச்சதுதான் தப்பு.

எக்கோ பிரெண்ட்லிங்கிற வார்த்தையை நம்ம பக்கத்துக்காரங்க யாருமே சும்மா போடக் கூடாதுங்கிறது என் அபிப்ராயம். பையர் கூகுள்ல ஆம்பூர்னு தட்டினா பிரியாணிக்கு அடுத்து பாலாறு வரும். 1996ல சுப்ரீம் கோர்ட் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்பேர் பாரம் கேஸ்ல டேனரிக் கழிவு பத்தித் தீர்ப்பு குடுத்தது, மாசு பண்ணவனே நஷ்டத்தைக் கட்டணும்ங்கிற கொள்கைக்கு இன்னிக்கும் சட்டக் காலேஜ்ல அதைத்தான் பாடமா வைக்கிறாங்க. 2025 ஜனவரில திரும்பவும் பாலாறு பத்தி அதே கோர்ட் உத்தரவு போட்டிருக்கு. இவ்வளவும் ஊரறிஞ்ச விஷயமா இருக்கிறப்ப இலை போட்ட பச்சை லோகோவைப் பாத்து யார் நம்புவாங்க? அதோட ஐரோப்பாவுல 2024ல ஒரு டைரக்டிவ் நிறைவேத்தி இருக்காங்க, ஆதாரம் இல்லாம பொதுப்படையா எக்கோ பிரெண்ட்லின்னு சொல்லி வாடிக்கையாளர்கிட்ட விக்கிறதுக்குத் தடை, அமல் தேதி 2026 செப்டம்பர் 27. நம்ம ஊர்லயும் 2024 அக்டோபர்ல நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதே விஷயத்துக்கு கைட்லைன்ஸ் போட்டிருக்கு. நீங்க எழுதிக் குடுக்கிறதை வச்சுத்தான் அவர் அங்க விப்பாரு, மாட்டினா அவரும் மாட்டுவாரு, அதனாலதான் தோண்டித் தோண்டிக் கேக்குறாரு.

அதுக்குப் பதிலா இதை எழுதுங்க: "நாங்க தோல் பதனிடறதில்ல, பினிஷ்டு லெதர் வாங்கித் தைக்கிறோம், இந்த டேனரிலருந்து வாங்குறோம்." டேனரி பேர் போடலாமான்னு அந்த டேனரிக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. டேனரிங்க சுற்றுச்சூழலை எப்படிப் பாத்துக்குதுன்னு ஆடிட் பண்ற லெதர் ஒர்க்கிங் குரூப்ங்கிற அமைப்போட ஆடிட் முடிச்ச டேனரியா இருந்தா அந்த குரூப்போட சைட்லயே பேர் இருக்கும், பையரே சரிபாத்துக்குவாரு. அப்புறம் குரோமியம் 6 டெஸ்ட் ரிப்போர்ட், அது குரோம் தோல்ல உருவாகக்கூடிய உடம்புக்குக் கெடுதலான வகை. ஐரோப்பாவுல தோல் சாமான்ல ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழ இருக்கணும்னு 2015லருந்து விதி. அடையாறுல இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்துல குடுத்தும் டெஸ்ட் எடுக்கலாம், இல்ல டேனரியே அந்த லாட்டுக்கு எடுத்து வச்சிருப்பாங்க, கேளுங்க. அந்த ஒரு பேப்பர் உங்க பிரவுச்சர் மொத்தத்தையும் விட கனமானது.

ஐஎஸ்ஓ விஷயத்துக்கு வர்றேன், இதுல எத்தனை பேர் பணத்தை விட்டாங்கன்னு எனக்குத்தான் தெரியும். ஐஎஸ்ஓங்கிற அமைப்பு யாருக்கும் சர்டிபிகேட் குடுக்கிறதே இல்ல. தனியா சர்டிபிகேஷன் கம்பெனிங்க இருக்கு, அந்தக் கம்பெனிங்களுக்கு என்ஏபிசிபி மாதிரி ஒரு அமைப்பு அங்கீகாரம் குடுத்திருக்கணும், அவங்க ஆள் உங்க யூனிட்டுக்கு வந்து ஆடிட் பண்ணணும், மூணு வருஷம் செல்லும், நடுவுல வருஷா வருஷம் திரும்ப வந்து பாப்பாங்க. மூணு நாள்ல வாட்ஸ்அப்ல பிடிஎஃப் வந்தா அது வெறும் கலர் பிரிண்ட்தான். சர்டிபிகேட் நிஜமான்னு பாக்குறதுக்கு ஐஏஎஃப் செர்ட்சர்ச்னு ஒரு சைட் இருக்கு, பையர் அதுல நம்பரைத் தட்டிப் பாத்து ஒண்ணும் வரலன்னா 1958ஐ விட பெரிய பொய்யில மாட்டுவீங்க. இதே கும்பல்தான் சின்னத் தொழிலுக்கான உத்யம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் காசு வாங்குது, அரசாங்க சைட்ல அது இலவசம்மா, ஒரு பைசா கிடையாது. லோகோ பக்கத்துல வட்டத்துக்குள்ள ஆர் போட்டிருக்காங்க பாருங்க, டிரேட்மார்க் ரிஜிஸ்டர் ஆகாம அதைப் போடுறது சட்டப்படி குத்தம், அதையும் எடுத்துடுங்க, டிஎம்னு போட்டுக்கலாம்.

இன்னொண்ணு இன்னிக்கே பாருங்க, வெப்சைட் டொமைன், அதாவது சைட்டோட முகவரி, யார் பேர்ல இருக்கு? பத்துல பாதிப் பேருக்கு ஏஜென்சிக்காரன் தன் பேர்லயே எடுத்து வச்சிருக்கான், சண்டை வந்தா சைட்டும் மெயிலும் அவன் கையில, திருப்பிக் குடுக்க அம்பதாயிரம் கேட்ட கதை எல்லாம் என்கிட்ட வந்திருக்கு. அவரோட மத்த பேச்சு வார்த்தைக்கு முன்னாடி டொமைனை உங்க பேருக்கும் உங்க மெயில் ஐடிக்கும் மாத்தி லாகின் வாங்கிடுங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் அவர்கிட்ட பாக்கி இருந்தா கடைசித் தவணையைக் குடுக்காதீங்க.

உங்க பேப்பர்களையும் நான் பாத்தேன். அப்பாவோட 1994 வாடகை அக்ரிமெண்ட்ல வடஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். 2017ல எடுத்த ஜிஎஸ்டில வேலூர் மாவட்டம். புது லெட்டர்ஹெட்ல திருப்பத்தூர் மாவட்டம். மூணும் சரி, இடம் நகரவே இல்ல, அரசாங்கம்தான் 96ல ஒரு தடவை பேர் மாத்தி 2019ல ஒரு தடவை மாவட்டத்தைப் பிரிச்சது. ஆனா ஜெர்மனில உக்காந்து பேப்பர் பாக்குறவருக்கு அது மூணு ஊர், மூணு கம்பெனி. இதுல பேங்க்ல அப்பா இனிஷியல் முன்னாடி, ஐஇசில (ஏற்றுமதி இறக்குமதி பண்றதுக்கு வாங்குற கோட் நம்பர்) பின்னாடி. ஒரு புள்ளிக்காக ஆபீஸ் ஆபீஸா அலைய விடுற இந்த சிஸ்டத்தை நினைச்சா வயிறு எரியுது, ஒரு இடத்துல மாத்தினா மத்த இடத்துல தானா மாறணும்னு இத்தனை வருஷமா ஒருத்தருக்கும் தோணல. சரி, மாத்துறது மாத்துங்க, ஐஇசியை எப்படியும் வருஷா வருஷம் ஏப்ரல்லருந்து ஜூனுக்குள்ள அப்டேட் பண்ணியே ஆகணும், அப்ப சரி பண்ணிடுங்க. அதுவரைக்கும் மெயில்ல ரெண்டு வரி எழுதிடுங்க: "எங்க மாவட்டம் 1996 வரைக்கும் வடஆற்காடு அம்பேத்கர், 2019 வரைக்கும் வேலூர், இப்ப திருப்பத்தூர், முகவரி ஒண்ணுதான்." இதை முன்கூட்டியே சொன்ன ஒரு யூனிட்டுக்கு பையர் தனியா நன்றி சொல்லி பதில் போட்டாரு.

மெயிலை ஜிமெயில்லருந்து அனுப்பாம உங்க டொமைன்லருந்து அனுப்புங்க. இங்கிலீஷ் அலங்காரமா இருக்க வேணாம், "முன்னணி உற்பத்தியாளர்"ங்கிற வரி எல்லார் சைட்லயும் இருக்கு, அதை விட்டுட்டு 34 பேர், எத்தனை மெஷின், மாசம் எத்தனை பை தைக்க முடியும்னு நம்பரைச் சொல்லுங்க. இதுவரைக்கும் ஜாப் ஒர்க்தான் பண்ணோம்னும் சொல்லிடுங்க, யாருக்குன்னு பேர் சொல்லாதீங்க, அந்தக் கம்பெனிங்களோட அக்ரிமெண்ட்ல சொல்லக் கூடாதுன்னு இருக்கலாம். கடைசியா, எங்க பேங்க் அக்கவுண்ட் மாறினா மெயில்ல மட்டும் சொல்ல மாட்டோம், போன் பண்ணியும் சொல்வோம்னு ஒரு வரி. பையர், சப்ளையர் ரெண்டு பேரோட மெயிலையும் ஹேக் பண்ணி பணத்தைத் தங்க அக்கவுண்டுக்குத் திருப்பி விடுற கும்பல் நிறைய இருக்கு.

சைட்ல இப்ப இருக்கிற வெள்ளைக்கார மாடல் போட்டோவை எல்லாம் எடுத்துட்டு உங்க ஸ்டிச்சிங் டேபிளை போன்லயே எடுத்துப் போடுங்க, காலைல பத்து மணி வெளிச்சத்துல எடுத்தா நல்லா வரும். எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொம்பளைங்ககிட்ட கேட்டுக்குங்க, சைட்ல வரும்னு சொல்லியே கேளுங்க. யாராவது முகம் வேணாம்னா கையை மட்டும் எடுங்க, ஸ்கைவிங் பண்ற (தோல் ஓரத்தைச் சீவி மெல்லிசாக்குற) கை, நூல் கோக்குற கை.