24-ஐத் தொடங்குவதா, 15-ஐ முடிப்பதா?

கேள்வி: பியானோவில் ஐந்தாம் கிரேடு முடித்து இரண்டு வருடமாகிறது. இதுவரை தேர்வுக்காக அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வாசித்திருக்கிறேன். ஒரு முழுத் தொகுப்பை முதலிலிருந்து கடைசிவரை பாடம் பண்ண ஆசை. ஷோப்பானின் 24 பிரெல்யூடுகளை (சின்னச் சின்ன பியானோ உருப்படிகள்) எடுக்கலாமா? தினமும் 45 நிமிடம் ஒதுக்க முடியும். வீட்டில் இருப்பது பழைய அப்ரைட் பியானோ; வளவில், முற்றத்தை ஒட்டிக் கிடக்கிறது.
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பஞ்சரத்னக் கீர்த்தனைகள் ஐந்தையும் பாடம் பண்ணியவர்களுக்குத் தெரியும், ஒன்றில் பட்ட பாடு அடுத்ததில் கைகொடுக்கும். உங்களுக்கு வந்திருப்பது அந்த மாதிரி நல்ல ஆசை. ஆனால் ஷோப்பான் இப்போது வேண்டாம். தொகுப்பை எடுக்குமுன் அதில் பிரபலமான உருப்படியைப் பார்க்காதீர்கள். ஆகக் கடினமானதைப் பாருங்கள். அந்த 24 பிரெல்யூடுகளில் (ஓபஸ் 28) 4, 6, 7, 20 நான்கும் உங்கள் கைக்கு வரும். 7-ஆவது வெறும் 16 பார்தான் (பார் என்பது ஒரு தாளக் கட்டம்). 8, 16, 24 மூன்றும் தேர்ந்த மேடைக் கலைஞர்களையே வேலை வாங்குபவை. நான்கை முடித்த கையோடு தொகுப்பு நின்றுபோகும்.

பாக்கின் இரண்டு குரல் இன்வென்ஷன்களை எடுங்கள்; கைக்கு ஒன்றாக இரண்டு தனி மெட்டுகள் (குரல்கள்) சேர்ந்தே ஓடும் சிறு உருப்படிகள் அவை. மொத்தம் 15. இரண்டு குரலைச் சுத்தமாக வாசிக்கவும், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவதுபோல வாசிக்கவும் பழக்குவதற்கு என்று 1723-இல் எழுதிய பிரதியின் முகப்பிலேயே அவர் குறித்திருக்கிறார்.

அச்சில் உள்ள வரிசை சுருதிப்படி அமைந்தது, எளிமைப்படி அல்ல. அதனால் 1, 4, 8, 13 என்று தொடங்குங்கள். 6, 9, 12 கடைசிப் பக்கம் போகட்டும். 2-ஆவதையும் அப்படியே தள்ளிவையுங்கள்: வலக்கை வாசித்ததையே இடக்கை இரண்டு பார் பின்னால் ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே திருப்பிச் சொல்லும், இடையில் மூச்சுவிட இடமிருக்காது.

முதலாவதையே பாருங்கள். சின்ன இடைவெளி விட்டு ஸி, டி, இ, எஃப், டி, இ, ஸி என்று வலக்கை கிளம்புகிறது. விரல் 1, 2, 3, 4, 2, 3, 1. அதே பாரின் மூன்றாவது தட்டில் இடக்கை அதையே கீழே எடுக்கிறது. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். இடக்கையைப் பக்கவாத்தியமாக நினைத்து அமுக்கி வாசிப்பதால் பதில் காதில் விழுவதில்லை. இடக்கையைத் தனியாக மனப்பாடம் செய்யுங்கள். அதை வாசித்துக்கொண்டே வலக்கைப் பகுதியை வாயால் பாடுங்கள். பாட வராத இடம் இன்னும் பாடமாகவில்லை.

ஓர் உருப்படிக்கு மூன்று வாரம். முதல் வாரம் கை தனித்தனி, மெட்ரோனோம் (தாளக் கருவி) நிமிடத்துக்கு 50 தட்டு. விரல் எண்ணைப் பென்சிலால் எழுதி, பிறகு மாற்றாதீர்கள். தினம் ஒரு விரலில் பழகினால் வேகம் கூடும்போது கை தடுமாறும். இரண்டாம் வாரம் இரண்டிரண்டு பாராக இரு கையும். மூன்றாம் வாரம் முழுசும். 4-ஆவதில் நீண்ட டிரில் (பக்கத்துப் பக்கத்து இரு ஸ்வரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது) முதலில் வலக்கையிலும் பிறகு இடக்கையிலும் வரும். தாளம் பழகும்வரை அதை வெறும் நீட்டலாகவே வையுங்கள். கடைசிப் பத்து நிமிடம் முடித்தவற்றுக்கு. இப்படிப் போனால் 45 வாரம்.

பியானோவை முற்றத்திலிருந்து உள்சுவர் பக்கம் நகர்த்திவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரமும் ஃபெல்ட்டும் உப்பி, அழுத்திய கட்டை எழும்பத் தாமதிக்கும். டிரில் வராததற்கு விரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். மழைக்காலம் கழிந்து தையில் டியூனரைக் கூப்பிடுங்கள். பல வருடம் டியூன் செய்யாததென்றால் சுருதி வெகுவாக இறங்கியிருக்கும். ஒரே தடவையில் ஏற்றினால் நிற்காது, இரண்டு தடவையாவது வேண்டும்.

கேள்வி: என்னிடம் 61 கட்டை கீபோர்டுதான் இருக்கிறது. முழுத் தொகுப்பு எதுவும் வாசிக்க முடியாதா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: இன்வென்ஷன்கள் முழுவதும் அதற்குள் அடங்கும். நான்கு ஆக்டேவ் வாத்தியத்துக்கு எழுதியவை அவை. உங்களிடம் ஐந்து இருக்கிறது. பெடலும் தேவையில்லை. ஷோப்பானின் 24-ஆவது பிரெல்யூட் கடைசியில் அடியில் மூன்று முறை அடிக்கிற ‘டி’ உங்கள் கீபோர்டில் கிடையாது. கட்டைகள் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி கூட்டிக் குறைப்பவையா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் எந்தக் குரல் முன்னால் வருகிறது என்பதைக் காட்டவே முடியாது.