தலையெண்ணெயும் ஒரு நீரிணையும்

கேள்வி: தென்கிழக்கு ஆசியத் தீவுகளான போர்னியோவுக்கும் சுலவேசிக்கும் நடுவே இருப்பது மக்காசர் நீரிணை மட்டும்தான். இருபுறமும் அதே மழைக்காடு, அதே வெயில். விலங்குகள் மட்டும் ஏன் வேறு வேறு?
(ஒரு வாசகர், தேனி)

பதில்: மக்காசர் என்றதும் எனக்குத் தலையெண்ணெய்தான் ஞாபகம் வந்தது. சுலவேசிக் கரையில் இருக்கும் அந்தத் துறைமுகத்தின் பெயரில் லண்டனில் ஓர் எண்ணெய் விற்றார்கள். 19ஆம் நூற்றாண்டுத் துரைமார்கள் அதை வழிய வழியத் தடவிக்கொண்டு நாற்காலியில் சாய, மெத்தையெல்லாம் பாழ். துரைசானிகள் சாய்மானத்தில் பின்னல் துணி போட்டார்கள். அதற்குப் பெயரே 'ஆன்டிமக்காசர்'! ரயிலில் ஏசி இருக்கையில் தலை படும் இடத்தில் வெள்ளைத் துணி இருக்குமே, அதன் பாட்டி. நம் அலுவலகத்துக்கும் நாலு வாங்கச் சொல்லிப் பத்து வருடமாகக் கெஞ்சுகிறேன். பழைய மெய்ப்புத் திருத்துநர் சாய்ந்த சுவரில் தேங்காயெண்ணெய் வட்டம் அப்படியே இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தாகிவிட்டது. மனிதர் ஓய்வு பெற்றார், தலை ஓய்வு பெறவில்லை.

சரி, விலங்கு. "மட்டும்தான்" என்று எழுதினீர்களே, அங்கேதான் வழுக்கினீர்கள். பனியுகத்தில் கடல் சுமார் 120 மீட்டர் இறங்கியபோது போர்னியோ, சுமத்ரா, ஜாவா மூன்றும் ஆசியாவோடு ஒட்டிய தரை. காண்டாமிருகம் நடந்தே வரலாம். மக்காசர் நீரிணையோ 2000 மீட்டருக்கு மேல் ஆழம். அதில் 120 குறைந்தால் யாருக்கு என்ன? ஒராங்குட்டான் மேற்குக் கரையோடு நின்றுவிட்டது. கிழக்கே குள்ள எருமையான அனோவா, கோரைப்பல் மூக்குத் தோலைத் துளைத்து மேலே வளைந்து வரும் பாபிருசா பன்றி, குட்டியைப் பையில் சுமக்கும் கஸ்கஸ் (கசகசா அல்ல). குரங்கு மட்டும் எப்படியோ தாண்டிவிட்டது. குரங்கல்லவா!

இதே கடல் வேலியின் தென்கோடியை 1856இல் பிரிட்டிஷ் இயற்கை ஆய்வாளர் வாலஸ் கண்டார். பாலித் தீவில் ஆசியப் பறவையான குக்குறுவான் கூவுகிறது, சுமார் 35 கிலோமீட்டர் தள்ளி லொம்பொக் தீவில் ஆஸ்திரேலியப் பக்கத்து வெள்ளைக் கொண்டைக் கிளி பறக்கிறது. இந்த வேலிக்கு 'வாலஸ் கோடு' என்ற பெயரை 1868இல் வைத்தவர் உயிரியலாளர் ஹக்ஸ்லி.

அப்புறம், நான் 'நீரிணை' என்று எழுதும்போதெல்லாம் 'ஜலசந்தி' என்று திருத்தி மூன்று வருடமாகக் கார்டு போடும் மதுரைப் பெரியவருக்கு: ஐயா, சந்தி என்றாலும் இணைதான். பசிபிக் தண்ணீர் விநாடிக்கு ஒரு கோடி கன மீட்டர் கணக்கில் இந்தியப் பெருங்கடலை நோக்கி அந்த வழியாகத்தான் ஓடுகிறது. அது எந்தப் பெயரையும் கேட்டு நிற்பதில்லை. கார்டு 50 பைசா என்பதால்தானே இந்த வீரம்?